பையன் இசைக்குழு கண்டக்டர் ஆகட்டும், வயலினை மட்டும் விட வேண்டாம்

மும்பை செம்பூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பிளஸ் ஒன் படிக்கும் மகன் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவன், திடீரென்று சோதனை இசைக்கு, அதாவது வழக்கத்தை உடைத்துப் புதிதாக முயன்று பார்க்கும் இசைக்கு, கண்டக்டர் ஆகப்போகிறேன் என்கிறான், பத்துப் பேர் முன்னால் நின்று கையசைப்பதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படுவது நியாயம்தான். ஆனால் அவன் சொல்லும் வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

வழக்கமான கண்டக்டர், எழுதி வைத்த இசையை எல்லாரும் சேர்ந்து வாசிக்க வைப்பவர். 1958இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய ஒரு படைப்பில் கண்டக்டர் தாளம் காட்டுவதே இல்லை, கைகளைக் கடிகார முள் போலச் சுற்றி நேரத்தைக் காட்டுகிறார், அவ்வளவுதான். 1985இல் நியூயார்க்கில் ஜாஸ் கலைஞர் புட்ச் மோரிஸ் 'கண்டக்ஷன்' என்று தொடங்கியது அதற்கும் ஒரு படி மேலே. எழுதிய இசையே வேண்டாம். இதைத் திரும்ப வாசி, இழுத்துப் பிடி, இப்போது வாசித்ததை நினைவில் வை, பிறகு கேட்பேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை. கலைஞர்கள் அந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பார்கள், கண்டக்டர் அதைக் காதில் வாங்கி அங்கேயே கோப்பார். அமெரிக்க இசையமைப்பாளர் வால்டர் தாம்சன் 1974இல் தொடங்கிய, இதே போன்ற 'சவுண்ட்பெயின்டிங்' சைகைகளுக்கு இன்று நடனக்காரர்களும் நடிகர்களும்கூட ஆடி நடிக்கிறார்கள். நமக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை, நட்டுவனார் ஆடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே தாளம் தட்டிச் சொல்கட்டு சொல்வதை நீங்கள் எத்தனை அரங்கேற்றத்தில் பார்த்திருப்பீர்கள்!

சரி, வருமானம். இதை மட்டும் நம்பி மும்பையில் வாடகை கட்ட முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பு எடுப்பது, ரெக்கார்டிங்கில் வாசிப்பது, பள்ளி இசைக்குழு நடத்துவது, இவற்றோடு சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால்தான் வயலினை விட வேண்டாம் என்கிறேன், கூடவே பியானோவும் இப்போதே தொடங்கட்டும். ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் கண்டக்டிங் நுழைவுத் தேர்வில் பியானோவும் ஸ்வர ஞானமும் கடுமையாகச் சோதிக்கப்படும். பிளஸ் டூ முடித்த கையோடு வீட்டை அடமானம் வைத்து எங்கேயும் அனுப்பிவிடாதீர்கள்.

நரிமன் பாயிண்ட்டில் உள்ள என்சிபிஏ என்ற கலை அரங்க வளாகத்தில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது, சீசனில் ஒரு கச்சேரிக்கு நீங்களும் அவனோடு போங்கள். அப்புறம் அவனிடம் ஒரு வேலை கொடுங்கள்: மிருதங்கம், கீபோர்டு, புல்லாங்குழல் என்று ஐந்து நண்பர்களைச் சேர்க்கட்டும், பத்து சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளட்டும், உங்கள் சொசைட்டி நவராத்திரி கொலுவில் கால் மணி நேரம் நடத்திக் காட்டட்டும். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டுக் கை காட்டுகிறானா, கேட்காமலே காட்டுகிறானா என்று மட்டும் கவனியுங்கள். ஒத்திகைக்கு அந்த ஐந்து பேரும் மறுவாரமும் வந்தார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், படிப்பைப் பற்றி அப்போது பேசலாம்.