கேள்வி–பதில்: டப்ளினிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்?

கேள்வி: டப்ளினில் 10 மணிக்குப் புறப்படும் விமானம் பாரிஸில் 12.45க்கு இறங்குகிறது. திரும்பும்போது 10 மணிக்குப் புறப்பட்டு 10.45க்கே வந்துவிடுகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியது. பயணம் 1 மணி 45 நிமிடம்.

கேள்வி: தூரம் சுமார் 785 கி.மீ.; ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகுமாம். பிறகு ஏன் இவ்வளவு நேரம்?

பதில்: 785 என்பது பூமிப் பரப்பின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். விமானம் போவது வகுத்துக் கொடுத்த வான்பாதையில். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. மேலும், அட்டவணை நேரம் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் வந்து நிற்கும் வரை கணக்காகிறது. தாமதப் பெயர் வராமலிருக்கச் சில நிமிடங்களைக் கூட்டியும் வைப்பார்கள்.

கேள்வி: மலிவு என்று ‘பாரிஸ்’ டிக்கெட் வாங்கினோம். இறங்கியது பொவே. நள்ளிரவில் குழந்தைகளோடு டாக்சி பிடித்ததில் டிக்கெட்டைவிடச் செலவு அதிகம். புகார் செய்யலாமா?

பதில்: செய்தாலும் நிற்காது. அந்த நிலையத்தின் பெயரிலேயே பாரிஸ் இருக்கிறது, டிக்கெட்டிலும் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. பொவே, பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ.; பாரிஸ் இருக்கும் மாநிலத்தில்கூட இல்லை. பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். சார்ல் து கோல் நிலையமோ சுமார் 25 கி.மீ.தான், ஆர்இஆர் எனும் புறநகர் ரயில் நேரே நகருக்குள் கொண்டுவிடும். எனக்கும் ஒருமுறை ‘பிராங்க்ஃபர்ட்’ என்று விற்ற டிக்கெட் ஹானில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பிராங்க்ஃபர்ட் சுமார் 120 கி.மீ. பார்சிலோனாவுக்கு ஜிரோனா, ஸ்டாக்ஹோமுக்கு ஸ்காவ்ஸ்டா என்று இந்த வியாபாரம் ஐரோப்பா முழுக்க நடக்கிறது. பறக்கும் நேரத்தைப் பெரிதாகப் போட்டு, நகருக்குள் போகும் நேரத்தை வாங்குபவன் தலையில் கட்டுகிறார்கள். விலை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, நகர மையத்துக்குள்ள தூரமும் அதே அளவில் இருக்க வேண்டும் என்று சட்டமே வர வேண்டும். அதுவரை, விலையோடு பஸ் கட்டணத்தையும் இறங்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டு, டப்ளினில் வேலை அனுமதி. டிக்கெட் வாங்கிவிட்டேன், நாளை மறுநாள் பயணம். பாரிஸுக்கு விசா வேண்டுமா?

பதில்: வேண்டும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் பிரான்ஸ் இருக்கிறது, அயர்லாந்து இல்லை. பணம் கட்டிய பிறகா இதைக் கேட்பது? தேதியை மாற்ற முடியுமா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: டப்ளின்–பாரிஸ் விமானம் 2 மணி 57 நிமிடம் தாமதமாகத் தரையிறங்கியது. கதவு திறந்தபோது 3 மணி 6 நிமிடம். மூன்று மணி நேரம் ஆகவில்லை என்று இழப்பீட்டை மறுக்கிறார்கள். அம்மா சக்கர நாற்காலியில் தவித்துப்போனார்.

பதில்: விட்டுக்கொடுக்காதீர்கள். சால்ஸ்பர்க்–கொலோன் விமானம் பற்றிய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: வந்து சேர்ந்த நேரம் என்பது குறைந்தது ஒரு கதவாவது திறந்த நேரம். 1,500 கி.மீ.க்கு உட்பட்ட பயணம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி ஆளுக்கு 250 யூரோ. மோசமான வானிலை போன்ற அசாதாரணக் காரணம் இருந்ததென்றால் அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். இதையெல்லாம் குறிப்பிட்டு எழுதுங்கள். மறுபடி மறுத்தால், புறப்பட்ட இடம் டப்ளின் என்பதால் அயர்லாந்து விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் புகார் கொடுங்கள். வவுச்சர் நீட்டினால் கையெழுத்திடாதீர்கள், பணமாகவே கேளுங்கள்.