பழைய டீசல் மஹிந்திரா தார்: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

2010–2020 காலத்து மஹிந்திரா தார் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல் இன்ஜின்) ஃபோர் வீல் டிரைவ் வண்டியை, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை, செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, ஆயில் மூடியைக் கழற்றி அதே வாயில் கவிழ்த்து வையுங்கள். மூடி துள்ளி, புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினைப் பிரிக்கும் செலவு அது. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

ஃபோர் வீல் டிரைவைக் காய்ந்த ரோட்டில் சோதிக்காதீர்கள். திருப்பத்தில் முன், பின் ஆக்சில்கள் ஒன்றையொன்று இழுத்து இறுகிக்கொள்ளும். மண் தரையில் 4எச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டு ஓட்டுங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 4எல் (மெதுவான, அதிக இழுவை கியர்) விழுகிறதா பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத லிவர் அசையாமல் போகலாம்.

கடைசியாக அடியில் படுத்து சேஸிஸைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘டப்’ என்று மந்தமாகக் கேட்டால் துரு. புதுக் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள்.