யாரிடமும் போகாத பையன்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளை வெகுநாட்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

என் மகனுக்கு இருபது மாதம். கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டிப் பத்து நாள் விடுமுறை. என் அம்மா வீட்டில் ஐந்து நாள், மாமியார் வீட்டில் ஐந்து நாள் என்று பிரித்தேன். கிறிஸ்துமஸ் அன்று எந்த வீடு என்பதில் இப்போதே மனத்தாங்கல் ஆரம்பித்துவிட்டது. போன வருடம் எட்டு மாதக் குழந்தையாக இருந்தான், யார் தூக்கினாலும் சிரித்தான். சமீபத்தில் குடும்பத்தில் எல்லோரும் கூடியபோது ஆளாளுக்கு அவனை வாங்கினார்கள், மூச்சு முட்ட அழுதான். "யாரிடமும் பழகவிடாமல் வளர்த்திருக்கிறாய்" என்றார் மாமியார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "அவன் கூச்ச சுபாவம், யாரிடமும் ஒட்டமாட்டான்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விவரம் தெரிந்து அவன் பார்க்கும் முதல் பண்டிகைக் காலம் இது. அவன் மனதில் என்றென்றும் நிற்கவேண்டும் என்று ஆசை. பரிசுப் பொருட்கள் வேறு குவியப்போகின்றன, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முக்கியமாக, நாட்களை எப்படிப் பிரித்தால் நியாயமாக இருக்கும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன வாரம் ஓர் உறவினர் வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை அதன் அம்மாவிடமிருந்து வாங்கினார்கள். வாங்கினார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். குழந்தை அம்மாவின் உடையைத் தோள்பக்கம் கொத்தாகப் பிடித்திருந்தது. ஒருவர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூன்றாவது விரலைப் பிரிக்கும்போது முதல் விரல் மறுபடி மடங்கிக்கொண்டது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தாள், பாவம், வேறென்ன செய்வாள்? அன்றிலிருந்து இதை யாரிடமாவது கொட்டவேண்டும் என்று இருந்தேன். நீங்கள் அகப்பட்டீர்கள்.

நாட்கணக்கை அப்புறம் பார்ப்போம்.

உங்கள் மாமியாரின் வாதம் புரிகிறது. போன வருடம் எல்லோரிடமும் போனவன் இந்த வருடம் போகவில்லை, ஆகவே நடுவில் நீங்கள் எதையோ கெடுத்துவிட்டீர்கள். வாதம் தலைகீழாக நிற்கிறது. புது முகம் கண்டு மிரள்வது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் தலைகாட்டும். முதல் பிறந்தநாளை ஒட்டி வலுக்கும். இரண்டாம் வயதிலும் வந்து வந்து போகும். அம்மா அந்தப் பக்கம் நகர்ந்தாலே வரும் அழுகை பத்து மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை உச்சத்தில் இருக்கும் என்கிறார்கள், சில குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்சம் நீளும். போன டிசம்பரில் உங்கள் பையனுக்கு எல்லா மடியும் ஏறக்குறைய ஒரே மடி. இந்த டிசம்பரில் அவனுக்கு ஆள் தெரிகிறது. பிள்ளைக்கு ஆள் தெரிந்துவிட்டது என்பதற்குப் போய் யாராவது அவமானப்படுவார்களா?

மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் 1950களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்த் தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தவர். பிறகு அமெரிக்காவில் பால்டிமோரிலும் அதையே தொடர்ந்தார். அவர் கண்டது எந்த வீட்டுத் தரையிலும் நடப்பதுதான். தவழத் தெரிந்த குழந்தை அம்மாவை விட்டு விலகிப் போகிறது, எதையோ தொட்டுப் பார்க்கிறது, திரும்பிப் பார்க்கிறது, வந்து ஒரு தரம் ஒட்டிக்கொள்கிறது, மறுபடி கிளம்புகிறது. திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற நிச்சயத்தில்தான் அது கிளம்பவே செய்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிறரிடம் போவதற்குக் குழந்தைக்கு இருக்கும் ஒரே வழி அம்மாவிடமிருந்து தொடங்குகிறது. அந்த வழியை அடைத்துவிட்டு "பழகு, பழகு" என்று முதுகைத் தட்டினால் அது எங்கே போகும்?

இதே ஐன்ஸ்வர்த், ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஓர் அறை, சில பொம்மைகள், அம்மா, குழந்தை. அங்கே முன்பின் தெரியாத ஒரு பெண் வருவாள். முதல் ஒரு நிமிடம் அவள் பேசாமல் உட்காரவேண்டும். அடுத்த நிமிடம் அம்மாவோடு பேசவேண்டும். அதற்கும் அடுத்த நிமிடத்தில்தான் குழந்தையை நெருங்கலாம். ஆய்வுக்கூடத்து அந்நியருக்கு விதித்த இந்த நாகரிகம் நம் சொந்தக்காரர்களுக்கு வாய்க்கவில்லை. வாசல் மணி அடித்த வேகத்தில் இரண்டு கை நீளும், மேலே ஒரு முகம் குனியும், "என்னைத் தெரியலையா?" என்று ஒரு கேள்வி வேறு. தெரியவில்லை என்றுதானே அவன் அழுகிறான்.

"தினமும் போனில் பார்க்கிறானே, பிறகு என்ன?" என்பார்கள். போனில் தாத்தா உள்ளங்கை அளவு இருக்கிறார், பேசி முடித்ததும் மறைந்துவிடுகிறார். நேரில் கதவு உயரத்துக்கு நிற்கிறார், குரல் பெரிதாக இருக்கிறது, வாசனை வேறு இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்று பொருத்திக்கொள்ள ஒன்றரை வயதுக்காரனுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டாமா?

எனக்கு ஒரு பெரியப்பா இருந்தார். எங்கள் குடும்பத்துக் குழந்தைகள் அத்தனையும் அவர் மேல்தான் ஏறிக் கிடக்கும். அவர் எந்தக் குழந்தையையும் "வா" என்று கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. விடுமுறைக்கு எல்லோரும் வந்து சேர்ந்ததும், யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல், தரையில் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். ஓடாத அலாரம் கடிகாரம் ஒன்று அவரிடம் எப்போதும் உண்டு. அதைக் கழற்ற ஆரம்பிப்பார். ரிப்பேர் செய்தாரா என்றால் இல்லை, அந்தக் கடிகாரம் அவர் காலம் முழுக்க ஓடவில்லை. கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் வாயை ஒரு கையால் பொத்திக்கொள்வார். குழந்தை வாயில் போட்டுவிடக் கூடாதே. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்ற குழந்தை முதலில் ஒரு கையை எடுக்கும். பிறகு இரண்டடி நகர்ந்து நின்று பார்க்கும். பெரியப்பா சாவியைத் திருகுவார், உள்ளே சக்கரம் ஒன்று கிர்ரென்று சுற்றி நிற்கும். இன்னும் இரண்டடி. கடைசியில் அவர் முழங்கால் மேல் ஒரு சின்னக் கை வந்து ஊன்றும். அப்போதும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். கடிகாரத்தை மட்டும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ப்பார்.

அந்த மனிதரிடம் குழந்தைகளைப் பற்றிக் கேட்டால், "அதுங்களுக்கு வேலை இருக்கும், நாம ஏன் தொந்தரவு பண்ணணும்" என்பார். ஐன்ஸ்வர்த்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

முத்தம் கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். "சித்திக்கு ஒரு முத்தம் கொடு, கொடுத்தால்தான் விடுவேன்." 2017-இல் அமெரிக்காவின் பெண் சாரணியர் அமைப்பு பண்டிகைக் காலத்தை ஒட்டிப் பெற்றோருக்கு ஒரு நினைவூட்டல் வெளியிட்டது. உங்கள் மகள் யாரையும் கட்டிப்பிடிக்கக் கடன்பட்டவள் இல்லை, பண்டிகையானாலும் சரி என்று. தன் உடம்பை யார் தொடலாம் என்று சொல்லும் உரிமை சின்ன வயதிலேயே பழகினால் பின்னாளில் பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். சரியான வாதம். நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. பிடுங்கி வாங்கிய முத்தத்தில் என்ன ருசி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். கையசைத்தால் போதாதா? பந்தை உருட்டிவிட்டால் போதாதா? தானாக வந்து ஈர வாயோடு கன்னத்தில் ஒன்று வைக்கும்போது கிடைப்பதை, பொறுமை இல்லாமல் ஏன் கெடுத்துக்கொள்ளவேண்டும்?

இப்போது உங்கள் பங்கு. "அவன் கூச்ச சுபாவம், யாரிடமும் ஒட்டமாட்டான்" என்று அவன் எதிரிலேயே எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? இருபது மாதத்தில் அவன் பேசும் வார்த்தைகளைவிடப் புரிந்துகொள்ளும் வார்த்தைகள் பல மடங்கு. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். மாமியார் உங்களைக் குற்றம் சொன்னார், நீங்கள் அதை எடுத்துப் பையன் தலையில் வைத்துவிட்டீர்கள். கூச்சமும் இல்லை, சுபாவமும் இல்லை. அறை நிறைய ஆட்கள், மதியத் தூக்கம் இல்லை, அம்மா எட்டாத தூரத்தில். நீங்களும் நானும்தான் அழுதிருப்போம். இனி யாராவது கை நீட்டினால், "கொஞ்ச நேரம் ஆகட்டும், அவனே வருவான்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். மன்னிப்புக் கேட்கும் குரலில் வேண்டாம். அவன் உங்கள் மடியிலேயே இருந்துகொண்டு அவர்களைப் பார்க்கட்டும்.

அதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த வாடையும் கொஞ்சம் அடிக்கிறது. அந்த வீடுகளில் இருப்பவர்கள் ஒரு வருடமாகக் காத்திருப்பவர்கள். வயதானவர்களுக்கு இன்னும் எத்தனை டிசம்பர் என்பது அவர்கள் மனதிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கை நீள்வதில் அந்த அவசரமும் இருக்கிறது. அவர்களுக்கு வேலை கொடுங்கள். பாட்டி அவனுக்குச் சட்டை மாட்டட்டும், தாத்தா பந்து உருட்டட்டும். நீங்கள் அதே அறையில், அவன் கண்ணில் படும்படி இருங்கள். இரண்டாம் நாள் உங்களைத் தேடமாட்டான், அதற்கும் வருத்தப்பட்டு எனக்கு எழுதாதீர்கள்.

என்றென்றும் நினைவில் நிற்கவேண்டும் என்கிறீர்கள். நிற்காது. வளர்ந்தவர்கள் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது எதுவும் நினைவில் இல்லை. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு 1905-இலேயே இதைப் பற்றி எழுதி வியந்திருக்கிறார். நினைவில் நிற்கப்போவது உங்களுக்கும் பாட்டி தாத்தாவுக்கும்தான். அதை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டால் பாதி அலங்காரம் குறையும், பாதிப் புகைப்படமும் குறையும்.

பரிசுகளை வேண்டாம் என்று சொல்லிப் பகை தேடாதீர்கள். வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள 36 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பதினாறு பொம்மைகள் கிடந்த அறையைவிட நாலு பொம்மைகள் மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடியிருக்கிறார்கள். இதற்கு ஆய்வு எதற்கு என்று கேட்காதீர்கள், சொந்தக்காரர்களிடம் சொல்ல உதவும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் பொம்மை, சின்ன ரிமோட் என்று பலவற்றில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அதே போலப் பெரியவர்களின் கைப்பையில் இருக்கும் மாத்திரை டப்பா. கிழமை போட்ட அந்த டப்பாவின் மூடிகள் நடுங்கும் விரல்களுக்காகவே சுலபமாகத் திறக்கும்படி செய்தவை, குழந்தை விரலுக்கும் அப்படியே திறக்கும். போனதும் முதல் வேலையாக எல்லாப் பைகளையும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

சரி, நாட்கள். ஐந்தும் ஐந்தும் என்று நீங்கள் பிரித்ததில் அவன் தூக்கத்துக்கு எங்கே இடம்? இந்த வயதில் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினொன்றிலிருந்து பதினாலு மணி நேரம் தூங்கவேண்டும். அதைச் சுற்றிப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் இரண்டு வீடு ஏறி இறங்காதீர்கள். ஐந்தா ஆறா என்பதெல்லாம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மாமியார் வீட்டுக்கே போங்கள். உங்கள் அம்மா கோபித்தால் சமாதானப்படுத்த உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பதிலை மாமியாருக்கு அனுப்பிவைக்காதீர்கள். உங்கள் கணவரிடம் காட்டுங்கள். "கொஞ்ச நேரம் அவனைத் தூக்காதேம்மா" என்று தன் அம்மாவிடம் சொல்லவேண்டியவர் அவர். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கடிதத்தை அவரை எழுதச் சொல்லுங்கள்.