பழைய மஸ்டாங்கில் அகலமான பின் டயர்: ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 1967 ஃபோர்டு மஸ்டாங் கூபே இருக்கிறது. பின்னால் லீஃப் ஸ்பிரிங். இப்போது 205/70ஆர்14 டயர் ஓடுகிறது. 17 அங்குல ரிம்மில் 275/40 டயர் போட ஆசை. அதற்கு ரியர் ஆக்சிலை வெட்டிக் குறுக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். லீஃப் ஸ்பிரிங்கை உள்ளே தள்ளி வைத்தால் போதாதா? டிரம் முகத்திலிருந்து ஸ்பிரிங் வரை இரண்டு பக்கமும் 150 மி.மீ. இருக்கிறது. மட்கார்டு விளிம்பு வரை இடது பக்கம் 138, வலது பக்கம் 128."

அளவெடுத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் டயர் அளவை மட்டும்தான் சொல்வார்கள். உங்கள் நான்கு எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

ஆக்சிலைக் குறுக்கும் யோசனையை முதலில் பார்த்துவிடுவோம், வெட்டிவிட்டால் திரும்பப் பெற முடியாத வேலை அது. பின் டயருக்குக் கிடைக்கிற இடம் என்பது என்ன? உள்பக்கம் ஸ்பிரிங், வெளிப்பக்கம் மட்கார்டு விளிம்பு. இந்த இரண்டு சுவருக்கும் நடுவே இருக்கிற வெளிதான் இடம். ஆக்சிலை ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ. குறுக்கினால் டிரம் முகம், அதாவது ரிம் வந்து உட்காரும் இடம், 20 மி.மீ. உள்ளே போகும். வெளியே 20 கூடும், உள்ளே 20 குறையும். மொத்தம் அதேதான். ரிம்மின் பேக்ஸ்பேசிங்கை, அதாவது ரிம் டிரம்மில் உட்காரும் முகத்திலிருந்து அதன் உள்விளிம்பு வரை உள்ள தூரத்தை, கூட்டினாலும் இதே பலன் கிடைக்கும், ஆக்சிலில் ஒரு கீறல்கூட விழாது. மிக ஆழமான ரிம் கிடைக்காமல் போகும்போதோ, உள்மட்கார்டையும் ஸ்பிரிங்கையும் வெகுவாக உள்ளே தள்ளி டிராக் ரேஸ் டயர் போடும்போதோதான் ஆக்சிலைக் குறுக்க வேண்டிவரும். உங்களுக்கு அது வேண்டாம்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். உள்பக்க அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது. ஸ்பிரிங் ஆக்சிலோடு யு போல்ட்டால் கட்டப்பட்டிருப்பதால் அது அப்படித்தான் இருக்கும். வெளிப்பக்கத்தில்தான் 10 மி.மீ. வித்தியாசம். ஒன்று ஆக்சில் பாடிக்கு நடுவில் இல்லை, அல்லது ஒரு பக்க மட்கார்டு எப்போதோ அடிபட்டு டின்கரிங் பார்த்தபோது இடம் மாறியிருக்கிறது. எது என்று தெரிந்துகொள்ள, டிரம் முகத்திலிருந்து கீழே ஓடும் சேஸிஸ் ரெயில் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அங்கேயும் 10 வித்தியாசம் வந்தால் ஆக்சில்தான் தள்ளியிருக்கிறது. தேய்ந்த ஸ்பிரிங் புஷ் காரணமாக இருக்கலாம். புதுப் புஷ் போட்டு, காரைத் தரையில் இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ரெயில் அளவு சமமாக இருந்தால் கோளாறு மட்கார்டில். பொதுவாக அறுபது வருடம் ஓடிய எந்தக் காரும் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டாது. எப்போதும் குறைந்த பக்கத்தை வைத்துத்தான் டயர் வாங்க வேண்டும்.

ஆக்சில் நடுவுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளியே இரண்டு பக்கமும் 133, உள்ளே 150, மொத்தம் 283 மி.மீ. டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 12 மி.மீ. விடுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் அது போதும், டயரின் பக்கச் சுவர் வளைவதற்கு மட்டும்தான் அந்த இடம். மட்கார்டு விளிம்பில் 18 விடுங்கள். அங்கே பாடி ஒரு பக்கம், ஆக்சில் ஒரு பக்கம் என்று அசையும். ஆக மீதி 253.

245/45ஆர்17 டயர் 8 அங்குல ரிம்மில் ஏறக்குறைய 243 மி.மீ. அகலம் வரும். எதையும் வெட்டாமல், எதையும் நகர்த்தாமல் உட்காரும். ரிம் வாங்கும்போது பேக்ஸ்பேசிங் 5 அங்குலத்தை ஒட்டி இருக்க வேண்டும், வி8 இன்ஜின் கார் என்றால் 4.5 அங்குல வட்டத்தில் 5 போல்ட். 8 அங்குல ரிம் என்றால் விளிம்புகளையும் சேர்த்து மொத்த அகலம் ஏறக்குறைய 9 அங்குலம் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். கணக்கில் தவறு நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

என்னிடம் கேட்டால் இதோடு நிறுத்தச் சொல்வேன். 205லிருந்து 245 என்பது சின்ன மாற்றம் இல்லை. முன்னால் என்ன டயர் போடப்போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. முன்னால் 205ஐ விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் 275 போட்டால், ஏற்கனவே மூக்குக் கனமான இந்தக் கார் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் நேராகப் போகவே பார்க்கும். பார்க்க அழகாக இருக்கும், ஓட்டும்போது சந்தோஷம் குறையும்.

சரி, 275தான் வேண்டும் என்கிறீர்கள். 9.5 அங்குல ரிம்மில் அந்த டயர் 278 மி.மீ. வரும். இடைவெளி 30ஐச் சேர்த்தால் 308. உங்களிடம் இருப்பது 283. இன்னும் 25 மி.மீ. தேவை. அதில் 10 வரை மட்கார்டு விளிம்பிலேயே கிடைக்கும். உள்பக்கம் மடங்கியிருக்கும் அந்தத் தகட்டு உதட்டை மேல்நோக்கி மடித்து ஒட்டிவிட்டால் போதும். பெயின்ட்டை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு, ரோலரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, நாலைந்து சுற்றில் மடிக்க வேண்டும். ஒரே அழுத்தில் மடித்தால் பெயின்ட் வெடிக்கும், வெளித்தகடு அலையடிக்கும். உதட்டைக் கிரைண்டரால் வெட்டி எடுக்காதீர்கள். உள்தகடும் வெளித்தகடும் சேர்கிற ஸ்பாட் வெல்டிங் அங்கேதான் இருக்கிறது. வெட்டினால் இரண்டும் பிரிந்து, நடுவே தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும்.

மீதி 15 மி.மீ.க்கு நீங்கள் கேட்ட வழிதான்: ஸ்பிரிங்கை உள்ளே நகர்த்துவது. முடியும். ஆனால் இது வெறும் இடம் பண்ணுகிற வேலை இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இந்தக் காரில் லீஃப் ஸ்பிரிங் இரண்டு வேலை செய்கிறது. பாரத்தைத் தாங்குகிறது, ஆக்சிலையும் அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. சக்கரம் தரையை உந்துகிற உந்தல் முழுவதும் ஸ்பிரிங்கின் முன்கண், அதாவது முன்முனை வளையம், வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. பின்கண் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்குகிறது, ஸ்பிரிங் நீளும்போதும் சுருங்கும்போதும் ஆடிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஷேக்கிளை மட்டும் 15 மி.மீ. உள்ளே தள்ளிவிட்டு முன்கண்ணைப் பழைய இடத்திலேயே விட்டால் ஸ்பிரிங் கோணலாக நிற்கும், புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதங்களில் கிழியும். இரண்டு முனையும் ஒரே அளவு நகர வேண்டும். ஸ்பிரிங் காரின் நடுக்கோட்டுக்கு முன்பு எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில்தான் நிற்க வேண்டும்.

உங்கள் காரில் முன்கண் பாடியின் அடியில் ஒரு தகட்டுப் பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பைக்குள் 15 மி.மீ. இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பையை வெட்டி, தடித்த தகட்டில் புதிதாகக் கட்டி, போல்ட்டை இரண்டு பக்கமும் தாங்குகிற மாதிரி ரெயிலோடு சேர்த்து வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்குகிற பிராக்கெட் வேண்டவே வேண்டாம். அடியில் துரு இருந்தால் அதை முடித்த பிறகுதான் மற்றதெல்லாம். இன்னொன்றும் உண்டு. இந்த மாடல் மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்கின் மேல்முகமே டிக்கியின் தரையாக இருக்கிறது. ஷேக்கிள் பக்கம் வெல்டிங் வைப்பதற்கு முன் டேங்கைக் கழற்றிக் காரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங் உள்ளே வந்தால் ஆக்சிலின் மேல் அது உட்காரும் மேடையும் உள்ளே வர வேண்டும். பழைய மேடையை உடனே வெட்டி எறியாதீர்கள். புது மேடையை வெறுமனே வைத்து, காரின் முழு பாரத்தையும் ஸ்பிரிங்கில் இறக்கி, பினியன் (புரோப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் மூக்கு) நிற்கும் கோணத்தைப் பார்த்துவிட்டு முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வையுங்கள். புரோப்பல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஜாயின்ட் மடங்குகிற கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது லீஃப் ஸ்பிரிங் முறுக்கி பினியனின் மூக்கு மேலே எழும்பும் என்பதால், நிற்கும்போது அதை ஒன்றிரண்டு டிகிரி கீழே வைப்பது வழக்கம். முழு வெல்டிங்கைச் சின்னச் சின்ன நீளமாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டு வையுங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் ஹவுசிங் குழாய் வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான், ஆனால் வீல் பேரிங்கும் ஆயில் சீலும் காட்டிக்கொடுத்துவிடும். யு போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட யு போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது.

கண் போல்ட்டுகளைக் கார் ஜாக்கியில் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். ரப்பர் புஷ் இறுக்கிய நிலையில் ஒட்டிக்கொள்ளும். கார் கீழே இறங்கியதும் அது முறுகியே நிற்கும், உயரமும் தப்பாக வரும். சக்கரம் தரையில், பாரம் முழுவதும் மேலே, அப்புறம்தான் கடைசி இறுக்கு.

காரின் குணம் எப்படி மாறும்? ஸ்பிரிங்குகள் நெருங்கி வந்தால் வளைவில் பாடி சாய்வதைத் தடுக்கிற பலம் குறையும், அதுவும் இடைவெளியின் வர்க்கத்தில் குறையும். நடுவே 1100 மி.மீ. இருந்தது 1070 ஆனால் குறைவு ஏறக்குறைய 5 சதவீதம். உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஒவ்வொரு பக்கமும் 50 மி.மீ. தள்ளி 1000 ஆக்கினால் குறைவு 17 சதவீதத்தைத் தாண்டும். அப்போது பின்னால், பாடி சாய்வதைத் தடுக்கும் ஆன்டி ரோல் பார் போட வேண்டியிருக்கும். க்ரைஸ்லர் குடும்பத்துப் பழைய கார்களில் ஸ்பிரிங்கை ரெயிலுக்கு நேர் கீழே கொண்டுவரும் பெரிய நகர்த்தல் பழக்கமான வேலை. அந்த அளவு நகர்த்தினால் ஆன்டி ரோல் பாரையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

இவ்வளவு நெருக்கமாக டயர் வைத்தால் பான்ஹார்டு ராடு ஒன்று போடுவது நல்லது. ஆக்சிலின் ஒரு ஓரத்தையும் எதிர்ப்பக்கத்துப் பாடியையும் இணைக்கிற ஒரு கம்பி, ஆக்சில் பக்கவாட்டில் ஓடாமல் பிடித்துக்கொள்ளும். கம்பி வட்டமாகச் சுழல்வதால் அதுவும் கொஞ்சம் நகர்த்தும் என்பது உண்மைதான். ஆனால் 900 மி.மீ. நீளக் கம்பி, தரைக்கு இணையாக நின்றால், சக்கரம் 75 மி.மீ. ஏறும்போது பக்கவாட்டு நகர்வு 3 மி.மீ.தான். பழைய புஷ்ஷின் அசைவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.

உள்மட்கார்டை நீங்கள் அளக்கவில்லை. மேலே சொன்ன 275 கணக்கில் டயரின் உள்முகம் டிரம் முகத்திலிருந்து 153 மி.மீ. உள்ளே நிற்கும், ரிம்மின் பேக்ஸ்பேசிங் 5.8 அங்குலத்தை ஒட்டி வரும். ஸ்பிரிங்கை நகர்த்தியதும் அடுத்த சுவர் உள்மட்கார்டுதான். அது பாடியோடு அசைவதால் 20 மி.மீ.யாவது வேண்டும். அதாவது டிரம் முகத்திலிருந்து உள்மட்கார்டு வரை 173க்குக் குறைந்தால் அதையும் வெட்டி உள்ளே தள்ள வேண்டிவரும். அந்த நிலை வந்தால் தயவுசெய்து 255க்கு இறங்கிவிடுங்கள். விளிம்பை மடித்தாலே அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இடைவெளியில் நிற்கிற சின்னப் பொருட்களைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு கார் என்னிடம் வந்தது. எல்லா அளவும் சரி, ஸ்பிரிங் பட்டைக்கும் டயருக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. ஆனால் டயரின் உள்முகத்தில் பளபளவென்று ஒரு வட்டம், விரலை வைத்தால் பள்ளம் தெரிந்தது. ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பில் இருந்த போல்ட்டின் முனை டயர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. போல்ட்டைத் திருப்பிப் போட்டு, நட்டை மறுபக்கம் கொண்டுபோனதோடு சரியாகிவிட்டது. இன்னும் நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் நைலான் இழை வெளியே வந்திருக்கும். கிளிப் போல்ட், ஷாக் அப்சார்பரின் கீழ்முனை, ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ், டெயில் பைப் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

டயரை ஏற்றிப் பார்க்கும்போது கார் சமதளத்தில் சும்மா நிற்பதை மட்டும் நம்பாதீர்கள். ஆக்சில் மேலே ஏறுவதை நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் ஆக்சிலைத் தொடும் வரை ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் ஏற்றுங்கள், மறுபக்கம் தொங்கட்டும். டயரின் மேல்தோள் மட்கார்டு வளைவுக்குள் ஓரமாகச் சாய்ந்து போவது அப்போதுதான் தெரியும். பம்ப் ஸ்டாப் தேய்ந்து பாதியாகியிருந்தால் புதிதாகப் போட்டுவிட்டுச் சோதியுங்கள்.

இதற்கிடையில் ஸ்பேசர் (ரிம்மை வெளியே தள்ள டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு) யோசனை வந்தால்: ஹப்பின் நடுவளையத்தில் சரியாக உட்காராத ஸ்பேசர் வேண்டாம். நட் ஏறுகிற மரையின் நீளம் ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. உங்கள் காரில் அரை அங்குல ஸ்டட் என்றால் அது முழுதாகப் பத்துச் சுற்று. குறைந்தால் நீளமான ஸ்டட் அடித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் மட்கார்டின் உள்விளிம்பு முழுக்கச் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பின் சீட்டில் இரண்டு பேர், டிக்கியில் சுமை, மேடு பள்ளமான சாலையில் நிதானமாக ஒரு சுற்று. திரும்பி வந்து டயரின் தோளில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு எங்கே விழுந்திருக்கிறதோ அந்த இடத்தில் விளிம்பை இன்னும் கொஞ்சம் மடிக்க வேண்டும். காரை நிறுத்திய கையோடு யு போல்ட் நட்டுகளையும் வீல் நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.