ரிப்போர்ட் நார்மல், நான்தான் நார்மல் இல்லை!

கேள்வி: எனக்கு வயது 34. பீரியட்ஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே நான் நானாக இருப்பதில்லை. குக்கர் விசில் சத்தத்துக்கே அழுகை வருகிறது. போன மாதம் பையனின் ஹோம்வொர்க் நோட்டைக் கிழித்துவிட்டேன். பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாளே எல்லாம் தெளிந்து, வெட்கமாகிவிடுகிறது. ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல். “அப்போ திமிர்தான்” என்கிறார் மாமியார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா, டாக்டர்?

– பெயர், ஊர் வேண்டாம், ஒரு வாசகி

பதில்: அந்த ரிப்போர்ட்டை மாமியாரிடம் காட்டியதுதான் நீங்கள் செய்த தப்பு!

நீங்கள் சொல்வது பி.எம்.டி.டி., அதாவது பீரியட்ஸுக்கு முன் வரும் கடுமையான மனநிலைக் கோளாறு போலத் தெரிகிறது. இந்தத் தொல்லையில் ஹார்மோன் அளவு பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும், “எல்லாம் நல்லாத்தானே இருக்கு, மனசைக் குழப்பிக்காதீங்கம்மா” என்று பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ குழுவினர் 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இப்படி அவதிப்படும் பெண்களுக்கு மருந்து கொடுத்துச் சினைப்பையின் வேலையை நிறுத்தினார்கள். பலருக்கு அவதி அடங்கியது. அப்படி அடங்கியவர்களுக்குச் சினைப்பை சுரக்கும் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்ட்ரோனையோ திரும்பக் கொடுத்ததும் பழைய கதை ஆரம்பித்துவிட்டது. இந்தத் தொல்லையே இல்லாத பெண்களுக்கும் அதையே செய்து பார்த்தார்கள். அவர்கள் மனநிலையில் மாற்றமே இல்லை! ராத்திரி காபி குடித்துவிட்டுக் குறட்டை விடுகிறவரும் உண்டு, ஒரு வாய்க்கே விடிய விடிய விழித்திருப்பவரும் உண்டு இல்லையா? குறை காபியில் இல்லை. 2017-ல் அதே நிலையத்தார், இந்தப் பெண்களின் செல்களில் பாலின ஹார்மோன்களுக்குப் பதில் சொல்லும் மரபணுத் தொகுதி ஒன்று வேறுமாதிரி இயங்குவதையும் கண்டார்கள். இதில் திமிர் எங்கிருந்து வந்தது?

மூளையில் என்ன நடக்கிறது? கருமுட்டை வெளியானதும் புரோஜெஸ்ட்ரோன் ஏறும். உடல் அதை அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாற்றும். மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ என்ற ரசாயனத்தின் ஏற்பிகளில், அதாவது சில தூக்க மாத்திரைகளும் வேலை செய்யும் அதே ஏற்பிகளில், அது போய் ஒட்டும். வழக்கமாக மனதைத் தணிக்க வேண்டிய பொருள், சிலருக்கு எரிச்சலையும் பதற்றத்தையும் கிளப்பிவிடுகிறது. செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதைச் சரிசெய்யும் மாத்திரைகள் மனச்சோர்வு நோயில் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இதில் சில நாட்களிலேயே பலன் தெரியும். அதனால் சிலருக்கு மாதத்தில் பாதி நாள் மட்டும் கொடுத்தாலே போதும்.

கர்ப்பப்பை விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கணக்கை ஓட்டுவது சினைப்பை, கர்ப்பப்பை அல்ல. என்னிடம் வந்த ஒரு பெண்மணி ஏற்கெனவே கர்ப்பப்பையை எடுத்திருந்தார். ரத்தப்போக்கு நின்றது, வீட்டுச் சண்டை நிற்கவில்லை. எந்த வாரத்தில் வரும் என்று தெரியாமல் போனதுதான் மிச்சம்.

முதலில் தினசரி காலண்டரை எடுங்கள். தூங்கும் முன் கோபம், அழுகை, பதற்றம் ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடுங்கள். இரண்டு மாதம் விடாமல். பி.எம்.டி.டி.யைக் கண்டுபிடிக்க ரத்த டெஸ்ட் கிடையாது, இதுதான் டெஸ்ட். தைராய்டு, ரத்தசோகை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம் காலண்டரோடு மகப்பேறு மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு நாள் தலைகாட்டினாலும் இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

மாமியாரிடம் ஏதாவது காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அந்தக் காலண்டரைக் காட்டுங்கள்.