அரூப ஓவியத்தில் சொந்தக் கதை சொன்னால் ஏன் யாருக்கும் எட்டுவதில்லை?

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த 30 நாட்களை டிஜிட்டலில், உருவங்கள் இல்லாத அரூப ஓவியமாக வரைந்தீர்கள், பார்த்தவர்கள் "கலர் நன்றாக இருக்கிறது" என்பதோடு நகர்ந்துவிடுகிறார்கள், தவறு எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.

படத்தைப் பார்க்காமலே ஊகிக்கிறேன்: வலிக்குச் சிவப்பு, பயத்துக்குக் கறுப்பு, நம்பிக்கைக்கு ஓரமாகக் கொஞ்சம் மஞ்சள். அந்த அகராதி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, பார்ப்பவர் கையில் இல்லை. உணர்ச்சியை நேராக வரையப் போகாதீர்கள். அந்த நாட்களில் எது திரும்பத் திரும்ப நடந்தது, எது நின்றுபோனது என்று பாருங்கள்.

ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வெரா மோல்னார் (1924–2023) 1968லேயே கணினியில் வரையத் தொடங்கியவர். அவருடைய அம்மாவின் கையெழுத்து வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருக்கும், வரி முடியும் இடத்தில் பதறிக் கோணலாகும். அந்த ஒன்றை மட்டும் விதியாக எடுத்துக்கொண்டு, ஒரு எழுத்துகூட இல்லாமல் கோடுகளாலேயே அம்மாவின் கடிதங்களை வரைந்தார். கம்ப்யூட்டர் வரைவது கலையா என்று இன்னும் கேட்பவர்கள் அதைத் தேடிப் பார்க்கட்டும்.

உங்களுக்கும் ஒரே விதி போதும். ஒவ்வொரு இரவும் நீங்கள் தூங்கிய மணிநேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துல்லியமாக நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஓவியம் வரையும் இலவச மென்பொருளான க்ரிட்டாவில் 3600 x 3000 பிக்சல், 300 ரெசல்யூஷன், 16 பிட் கேன்வாஸ் திறங்கள். 8 பிட்டில் ஒரு சானலுக்கு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும், 256 படிகள்தான். இருட்டான நிறங்கள் மெல்ல மாறும் இடத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். கிரிட் இடைவெளி 60 வைத்து, வரைவது கிரிட் கோட்டில் தானாக ஒட்டும்படி ஸ்னாப் போட்டால், பத்து இடைவெளிக்கு ஒன்று என்று 600 பிக்சல் கட்டமாக 6 பத்தி, 5 வரிசை, மொத்தம் 30 இரவு. ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு 60 பிக்சல் உயரம். 2 மணி தூங்கிய இரவு கட்டத்தின் அடியோடு ஒட்டிய 120 பிக்சல் பட்டை. தூங்காத இரவை அப்படியே காலியாக விடுங்கள், அதை நிரப்பக் கை துறுதுறுக்கும். செவ்வகக் கருவியில் அவுட்லைனை அணைக்க மறந்தால் ஓரம் தடித்து, அளவு கெட்டுவிடும்.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்றை ஒரே ஒரு இரவுக்கு வையுங்கள், எந்த இரவு என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் பிரஷ். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். ஆழம் வேண்டுமென்று, கீழே உள்ள நிறத்தோடு பெருக்கி இருட்டாக்கும் மல்டிப்ளை லேயர்களை அடுக்குவார்கள். பாதி வெளிச்சமுள்ள சாம்பலை வெள்ளைமேல் நான்கு முறை மல்டிப்ளை செய்தால் மிஞ்சுவது சுமார் 6 சதவீத வெளிச்சம், அதாவது சேறு. இரண்டோடு நிறுத்துங்கள். இறக்குமதி செய்த தெறிப்பு பிரஷ்ஷில் ரொட்டேஷனை ரேண்டமாக வைக்காவிட்டால் ஒரே கறை பத்து இடத்தில் வரும், பார்ப்பவர் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

"விதி போட்டால் அது புள்ளிவிவர வரைபடம், ஓவியம் ஆகாது" என்று சிலர் வருவார்கள். எந்த இரவுக்கு ஓரத்தைக் கரைப்பது, எதைக் கூர்மையாக விடுவது என்பதை விதி சொல்லாது. அது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

தலைப்பில் 'வலி', 'மௌனம்' வேண்டாம். '30 இரவுகள்' என்று வையுங்கள், பார்ப்பவர் கட்டங்களை எண்ணத் தொடங்குவார். கீழே நீளமாக விளக்கம் எழுதினால் எண்ணுவதை விட்டுவிட்டு அதைப் படிப்பார்.

அச்சுக்கு முன் க்ரிட்டாவில் கன்ட்ரோல் + ஒய் அழுத்தி அச்சு முன்னோட்டம் பாருங்கள், திரையில் மின்னும் நீலம் தாளில் எப்படி மங்கும் என்று தெரியும். முதலில் 4 x 6 அங்குலத்தில் ஒரு பிரதி எடுங்கள். கடையில் "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருட்டாக விட்ட இடத்தை வெளுத்துத் தந்துவிடுவார்கள். ஃபிரேம் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கும் என்பதால், கடைசியில் கேன்வாஸை நடுவிலிருந்து 3900 x 3300 ஆக்கி, பின்னணி லேயரை மறுபடி நிரப்புங்கள். நாலு பக்கமும் அரை அங்குலம் மிஞ்சும், முதல் இரவும் கடைசி இரவும் வெட்டுப்படாது.