கடல்காற்றில் உதிரும் கல்லுக்குக் கோட்டிங் அடிக்கலாமா?

கேள்வி: கடலுக்கு அருகில் வீடு. முன்சுவரில் பதித்த மணற்கல் ஐந்தே வருடத்தில் வெள்ளையாகப் பூத்து, தூளாக உதிர்கிறது. வாட்டர்புரூஃப் கோட்டிங் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் காண்டிராக்டர். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கல்லைத் தின்பது மழையல்ல, உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், கல்லின் நுண்துளைகளில் படிந்த உப்பு காற்றிலுள்ள நீரையே இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகி, துளையின் சுவரை நெட்டித் தள்ளும். இரவில் கரைந்து பகலில் இறுகும் இந்த வேலை தினமும் நடக்கலாம். மழையில்லாத மாதத்திலும் கல் உதிர்வது இதனால்தான்.

கோட்டிங் முன்பக்கத்தை மட்டும்தான் அடைக்கும். தரையிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் ஈரம் வந்துகொண்டே இருக்கும். உப்பு கோட்டிங்குக்குப் பின்னால் சேரும். அப்புறம் தூளாக உதிராது, பத்தை பத்தையாகக் கழன்று விழும். கோட்டிங் விற்பவர் கேரண்டி அட்டையை நீட்டுவார். சுவரில் ஏற்கெனவே ஈரமும் உப்பும் இருந்தால் அது செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள், ஆள் நழுவிவிடுவார்.

முதலில் ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் அது கரைந்து உள்ளேதான் போகும். இணைப்புகளில் சிமென்ட் அடைத்திருந்தால் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புக் கலவை வையுங்கள். ஈரம் கல்லை விட்டு அந்த வழியாக வெளியேறும்.

கல்லையே மாற்றுவதானால் நீர் அதிகம் உறிஞ்சாத கிரானைட் நல்லது. பளிங்கும் குறைவாகத்தானே உறிஞ்சும் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மெல்லிய பலகையாக வெளிச்சுவரில் மாட்டினால் அந்தக் கணக்கு செல்லாது. பளிங்கின் படிகம் சூடேறும்போது ஒரு திசையில் விரியும், இன்னொரு திசையில் சுருங்கும். ஈரமும் சேர்ந்தால் பலகை மெல்ல வளையும். சிகாகோவில் 1973-இல் கட்டிய 83 மாடிக் கட்டடத்தின் இத்தாலியக் கராரா பளிங்கு முழுவதையும் இருபதே வருடத்தில் கழற்றி கிரானைட் மாட்டினார்கள். ஹெல்சிங்கியின் ஃபின்லாந்தியா அரங்கில் வளைந்ததைக் கழற்றிவிட்டு மறுபடி பளிங்கையே மாட்டினார்கள், அதுவும் வளைந்தது!

கல்லுக்கு உப்புச் சோதனை உண்டு. சோடியம் சல்பேட் கரைசலில் 15 முறை ஊறவைத்து உலர்த்தி, எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் டெண்டர் எழுதுபவர்களோ 'முதல் தரக் கல்' என்று எழுதிவிட்டு அழுத்த வலிமையை மட்டும் கேட்பார்கள். முகப்புக் கல் நசுங்கியா போகிறது? சான்றிதழ் காட்டினால், அது எப்போதோ வெட்டிய கல்லுக்கானதாக இருக்கலாம். உங்களுக்கு வந்து இறங்கிய லோடிலிருந்தே துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், அதுவும் பணம் கொடுப்பதற்கு முன்பே.